சிறிய டி-சர்ட் தொழிலுக்கு எந்த அச்சு முறை பொருந்தும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாடிக்கையாளர் கேட்கும் படத்தையோ எழுத்தையோ டி-சர்ட்டில் அச்சிட்டுத் தரும் தொழிலைத் தனியாகவோ ஓரிருவரைச் சேர்த்துக்கொண்டோ தொடங்க நினைப்பவர்களுக்காக இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இன்று பரவலாகப் புழங்கும் முறைகள் ஐந்து: ஸ்கிரீன் பிரிண்டிங் (வலை வழியே மை இறக்குவது), வினைல் (வண்ணத் தாளை வெட்டி ஒட்டுவது), சப்ளிமேஷன் (சூட்டில் ஆவியாகும் சாயத்தை இழைக்குள் ஏற்றுவது), டிடிஜி (துணியிலேயே நேரடியாக அச்சிடுவது), டிடிஎஃப் (ஃபிலிமில் அச்சிட்டுத் துணியில் ஒட்டுவது). ஒவ்வொன்றும் ஒரு வகை ஆர்டருக்கு மிகப் பொருத்தமாகவும், இன்னொரு வகை ஆர்டருக்கு நட்டத்தைத் தருவதாகவும் இருக்கும்.

முறையைத் தேர்ந்தெடுக்கும் முன் எவற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

உங்களைத் தேடி வரப்போகும் ஆர்டரின் இயல்பை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே படம் எத்தனை டி-சர்ட்டுகளில் வரப்போகிறது, அந்தப் படத்தில் எத்தனை நிறங்கள் உள்ளன, துணி பருத்தியா பாலியெஸ்டரா இரண்டும் கலந்ததா, துணியின் நிறம் வெளிர்ந்ததா அடர்ந்ததா என்ற நான்கு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால், ஐந்து முறைகளில் மூன்று தாமாகவே விலகிவிடும். நாற்பது பேர் கொண்ட ஒரு குழு ஒரே சின்னத்தைக் கேட்பதும், நாற்பது பேர் ஆளுக்கொரு புகைப்படத்தைக் கேட்பதும் எண்ணிக்கையில் ஒன்றுதான். அச்சிடுபவருக்கு அவை இரண்டும் முற்றிலும் வேறான வேலைகள்.

பலர் இயந்திரத்தை முதலில் வாங்கிவிட்டு, அதற்கேற்ற ஆர்டரைப் பிறகு தேடுகிறார்கள். அப்படி வாங்கியவர், கையில் இருக்கும் இயந்திரத்தால் செய்ய முடிந்ததையே எல்லா வாடிக்கையாளருக்கும் பரிந்துரைக்க வேண்டிய நிலைக்கு வந்துவிடுகிறார். தொடக்க நிலையில் தவிர்க்க வேண்டியவற்றுள் இதையே முதலாவதாகச் சொல்வேன்.

ஸ்கிரீன் பிரிண்டிங் எப்படி நடக்கிறது? இத்தனை புதிய முறைகள் வந்த பிறகும் அது ஏன் நீடிக்கிறது?

மரத்தாலோ அலுமினியத்தாலோ ஆன சட்டத்தில் பாலியெஸ்டர் வலையை இறுக்கிக் கட்டி, அதன் மீது ஒளியுணர் எமல்ஷனைப் பூசி இருட்டில் உலர்த்துகிறார்கள். படத்தைக் கருப்பாக அச்சிட்ட ஃபிலிமை அதன் மேல் வைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சும்போது, ஒளி பட்ட எமல்ஷன் இறுகிவிடுகிறது. கருப்பு மறைத்த பகுதி இறுகாமல் தண்ணீரில் கரைந்து போக, அந்த இடத்தில் வலைக்கண்கள் திறந்துகொள்கின்றன. பிறகு ஸ்குவீஜி என்னும் ரப்பர் பட்டையால் மையை இழுத்தால், திறந்த கண்கள் வழியே மை துணியில் இறங்குகிறது. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் தேவை. அடர்நிறத் துணியாக இருந்தால், மற்ற நிறங்கள் எடுப்பாகத் தெரிவதற்காக அடியில் வெள்ளையை ஒரு பூச்சு அடித்து, ஃபிளாஷ் விளக்கின் சூட்டில் சற்று இறுக விட்டு, அதன் மேல் மற்ற நிறங்களை அடிக்க வேண்டும். ஆகவே மூன்று நிறப் படம் கருப்புத் துணியில் நான்கு ஸ்கிரீன் வேலையாகிவிடுகிறது.

வலையின் நுண்மையும் கவனிக்க வேண்டியது. அங்குலத்துக்கு 110 நூல் உள்ள வலை மையைத் தாராளமாக இறக்கும் என்பதால் கருப்புத் துணியில் வெள்ளை அடிக்க ஏற்றது. பொதுவான வேலைக்கு 156 அல்லது 160. நுண்ணிய புள்ளிகளால் நிழல் காட்டும் ஹாஃப்டோன் படங்களுக்கு 230க்கு மேல் செல்ல வேண்டும். இதைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், கைத்திறன் எவ்வளவு இருந்தாலும் வெள்ளை சாம்பலாகத் தெரியும், அல்லது புள்ளிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும்.

இந்த முறை நீடிப்பதற்குக் காரணம், தயாரிப்பு வேலை முடிந்த பிறகு ஒவ்வொரு டி-சர்ட்டுக்கும் ஆகும் செலவும் நேரமும் மிகக் குறைவு என்பதுதான். நூறாவது டி-சர்ட்டை அச்சிட ஒரு கரண்டி மையும் சில விநாடிகளும் போதும். மேலெழும்பி நிற்கும் பஃப் மை, இருட்டில் ஒளிரும் மை, உலோகப் பளபளப்பு மை என்று பிற முறைகளில் எளிதில் கிடைக்காத தோற்றங்களும் இதில் உண்டு. சரியாகச் சூடேற்றி இறுகிய ஸ்கிரீன் அச்சு பல சமயம் துணியின் ஆயுள் வரை உழைக்கும்.

பிளாஸ்டிசால் மை, நீர் சார்ந்த மை, இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது?

பிளாஸ்டிசால் என்பது பிவிசி பிளாஸ்டிக் துகள்களை, அவற்றை மென்மையாக்கும் திரவமான இளக்கியோடு கலந்த மை. அது காற்றில் உலர்வதில்லை. எனவே ஸ்கிரீனில் மணிக்கணக்கில் கிடந்தாலும் கண்களை அடைக்காது. புதிதாகப் பழகுபவருக்கு இது பெரிய வசதி. ஆனால் பூச்சின் முழுத் தடிமனும் ஏறத்தாழ 160 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் அது இறுகும். மேற்பரப்பு மட்டும் சூடாகி உள்ளே வேகாமல் போன அச்சு, பார்க்க நன்றாக இருந்து, சில துவைப்புகளில் வெடித்து உதிரும். குறைந்த வெப்பத்தில் இறுகும் வகைகளும் விற்பனையில் உள்ளன.

நீர் சார்ந்த மை நூலுக்குள் ஊறிவிடுவதால், கை வைத்துப் பார்த்தால் அச்சு இருப்பதே தெரியாத மென்மை கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த அச்சு இதுதான், ஆயினும் முதல் மாதத்திலேயே இதில் இறங்கும்படி யாருக்கும் சொல்லமாட்டேன். வேலையின் நடுவே சிறிது நேரம் நிறுத்தினாலே மை வலையில் காய்ந்து படத்தைக் கெடுத்துவிடும். டிஸ்சார்ஜ் என்னும் வகை, பருத்தித் துணியில் ஏற்கெனவே ஏறிய சாயத்தையே நீக்கி அந்த இடத்தில் புது நிறத்தை வைக்கிறது. கருப்புத் துணியில் மெல்லிய அச்சு வேண்டுமென்றால் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்வது கடினம். ஆனால் பாலியெஸ்டர் சாயத்தை அது நீக்காது. பருத்தியிலும் சில சாயங்கள் முழுமையாக நீங்குவதில்லை. சூடேற்றும்போது ஃபார்மால்டிஹைடு ஆவி வெளியேறும் என்பதால் காற்றோட்டம் கட்டாயம்; உடுத்தும் முன் ஒருமுறை துவைப்பதும் அவசியம்.

எத்தனை டி-சர்ட்டுகளுக்கு மேல் ஸ்கிரீன் பிரிண்டிங் கட்டுப்படியாகும்?

இதற்கு ஒரே எண்ணை விடையாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ள முடியும். ஒரு ஸ்கிரீன் தயாரிக்க ஆகும் மொத்தச் செலவை 10 அலகு என்று வைத்துக்கொள்வோம். அச்சிடும்போது ஒரு டி-சர்ட்டுக்கு ஆகும் மையும் உழைப்பும் அரை அலகு. அதே படத்தை டிடிஎஃப் ஃபிலிமாக வாங்கி ஒட்டினால் ஒரு டி-சர்ட்டுக்கு 2 அலகு. அப்படியானால் ஒவ்வொரு டி-சர்ட்டிலும் ஸ்கிரீன் முறை ஒன்றரை அலகு மிச்சப்படுத்துகிறது. ஸ்கிரீன் செலவை அந்த ஒன்றரையால் வகுத்தால் இரண்டும் சமமாகும் எண்ணிக்கை வந்துவிடும். வெள்ளைத் துணியில் ஒரு நிறப் படமென்றால் 7 டி-சர்ட்டிலேயே ஸ்கிரீன் முந்திவிடுகிறது. மூன்று நிறமென்றால் 20 வரை காத்திருக்க வேண்டும். அதே மூன்று நிறம் கருப்புத் துணியில், அடி வெள்ளையையும் சேர்த்து நான்கு ஸ்கிரீன் ஆவதால், 27ஐத் தொட வேண்டும்.

இந்த அலகுகள் எடுத்துக்காட்டுக்காகச் சொன்னவை. உங்கள் உண்மையான செலவுகளை இட்டுப் பார்த்தால் எண்கள் மாறும், கணக்கின் வடிவம் மாறாது. இதில் பலர் கவனிக்கத் தவறுவது பரப்பளவு. டிடிஎஃப் ஃபிலிமின் விலை பெரும்பாலும் பரப்பைப் பொறுத்தது. 30க்கு 40 சென்டிமீட்டர் முதுகுப் படம், மார்பில் வைக்கும் 10க்கு 10 சென்டிமீட்டர் சின்னத்தைவிடப் பன்னிரண்டு மடங்கு இடம் பிடிக்கிறது. ஸ்கிரீன் முறையில் படம் பெரிதானால் மை மட்டுமே சற்று கூடும். எனவே சிறிய சின்னங்களுக்கு டிடிஎஃப் நீண்ட தூரம் தாக்குப்பிடிக்கும், பெரிய படங்களில் ஸ்கிரீன் விரைவிலேயே முந்திவிடும்.

டிடிஎஃப் என்பது என்ன? இவ்வளவு விரைவாக அது பரவக் காரணம் என்ன?

படத்தை நேரடியாகத் துணியில் அடிக்காமல், பெட் (PET) என்னும் பிளாஸ்டிக் ஃபிலிமில் இடவலம் மாற்றி அடிக்கிறார்கள். முதலில் வண்ணங்கள், அவற்றின் மேல் வெள்ளை. மை ஈரமாக இருக்கும்போதே சூட்டில் உருகும் பசைத் தூளைத் தூவி, அதிகப்படியை உதறி, தூள் உருகிப் படியும் வரை சூடேற்றுகிறார்கள். இப்படித் தயாரான ஃபிலிமை, சூடான தகட்டால் அழுத்தும் இயந்திரமான ஹீட் பிரஸ்ஸில் ஏறத்தாழ 150 முதல் 160 டிகிரியில் 10 முதல் 15 விநாடி அழுத்தி, ஃபிலிமை உரித்துவிட்டால் படம் துணியில் நின்றுவிடும். சில ஃபிலிம்களைச் சூடாகவே உரிக்கலாம், சிலவற்றை முழுக்க ஆறிய பிறகே உரிக்க வேண்டும். உரித்த பின் மேலே சிலிக்கோன் தாளை வைத்துச் சில விநாடி இரண்டாம் முறை அழுத்துவதை அவசரத்தில் விட்டுவிடக் கூடாது. ஓரங்கள் எழாமல் இருப்பதற்கு அதுவே பெரிதும் உதவுகிறது.

பருத்தி, பாலியெஸ்டர், கலப்புத் துணி, கருப்பு, வெள்ளை என எதிலும் இது ஒட்டும். எத்தனை நிறமானாலும் செலவு ஒன்றே. ஒரே ஒரு டி-சர்ட்டையும் செய்து தர முடியும். முன்கூட்டியே அச்சிட்ட ஃபிலிமை எடுத்து வைத்து, ஆர்டர் வந்த பிறகு ஒட்டிக்கொள்ளவும் முடிகிறது. எந்த அளவில் எத்தனை விற்கும் என்று தெரியாமல் தயார் டி-சர்ட்டுகளை அடுக்கி வைக்கும் சுமை இதனால் நீங்குகிறது. சிறு தொழிலுக்கு இந்தக் கடைசி வசதி மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது என்பேன்.

டிடிஎஃப் அச்சு மேலே பிளாஸ்டிக் ஒட்டியதுபோல இருக்கிறது என்கிறார்களே?

பெரிய நிறைவான பரப்பாக வைத்தால் அந்தக் குறை உண்மையே. மார்பு முழுவதையும் மறைக்கும் ஒரு செவ்வகம் காற்றை விடாது, வியர்வையை உள்ளேயே நிறுத்தும், உடலோடு வளையாமல் பலகைபோல நிற்கும். வெயிலில் நடமாடுபவர் ஒருமுறை உடுத்தியபின் அதை மறுபடி எடுக்கமாட்டார்.

இதற்குத் தீர்வு பெரும்பாலும் வடிவமைப்பில் இருக்கிறது. கருப்பு டி-சர்ட்டில் படத்தின் கருப்புப் பகுதியை அச்சிடாமல் விட்டுத் துணியின் கருப்பையே பயன்படுத்தினால், பல படங்களில் அச்சுப் பரப்பு பாதியாகக் குறையும். பின்னணி வண்ணத்தை நீக்கலாம்; நிறைவான பகுதிகளைப் புள்ளிகளாகவோ கோடுகளாகவோ உடைத்து இடையிடையே துணி தெரியும்படி செய்யலாம். பாதி ஒளி ஊடுருவும் நிழல்களையும் மங்கலான ஓரங்களையும் புள்ளியாக மாற்றியே அனுப்ப வேண்டும், இல்லையெனில் அவற்றின் அடியில் விழும் வெள்ளை ஒரு விளிம்பாகத் துருத்தித் தெரியும். அதேவேளை மிகச் சிறிய தனிப் புள்ளிகளும் முடியளவு கோடுகளும் போதிய பசை பிடிக்காமல் துவைப்பில் போய்விடும் என்பதால், ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய கோடுகளைத் தவிர்ப்பது நல்லது.

டிடிஜி யாருக்கு ஏற்றது?

காகிதத்தில் அச்சிடுவதுபோல நேரடியாகத் துணியிலேயே நீர் சார்ந்த மையைத் தெளிக்கும் முறை இது. புகைப்படம், நீர்வண்ண ஓவியம், நூற்றுக்கணக்கான நிறச்சாயல்கள் கொண்ட படம் ஆகியவற்றை நல்ல பருத்தித் துணியில் மென்மையாகக் கொண்டுவருவதில் இது சிறந்தது. வெளிர்நிறப் பருத்தியில் இதன் அச்சைத் தொட்டுப் பார்த்தவர்கள் பிறகு டிடிஎஃப்பை எளிதில் ஏற்பதில்லை.

அடர்நிறத் துணியில்தான் கடினம் தொடங்குகிறது. வெள்ளை மை துணிக்குள் ஊறாமல் மேலேயே நிற்பதற்காக, உப்பு கலந்த பிரிட்ரீட்மென்ட் திரவத்தை முன்னதாகத் தெளித்து உலர்த்த வேண்டும். அது அதிகமானால் துணியில் கறை தெரியும், குறைந்தால் வெள்ளை மங்கும். வெள்ளை மையில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடு கனமானது என்பதால் அடியில் படிந்துகொண்டே இருக்கும். இயந்திரத்தை நாள்தோறும் இயக்கி, மையைக் கலக்கி, மை தெளிக்கும் ஹெட்டைத் துடைத்து, அறையின் ஈரப்பதத்தை ஏறத்தாழ 40 முதல் 60 சதவீதத்துக்குள் வைத்திருக்க வேண்டும். வாரத்துக்கு நான்கைந்து டி-சர்ட் மட்டும் அச்சிடுபவரிடம் இந்த இயந்திரம் அச்சுக்குச் செலவழிக்கும் மையைவிடச் சுத்தம் செய்வதற்குச் செலவழிக்கும் மை அதிகமாக இருக்கும். தினமும் நிலையான வேலை உள்ளவருக்கே இது பொருந்தும்.

சப்ளிமேஷனைப் பருத்தித் துணியில் செய்ய முடியுமா?

முடியாது. சப்ளிமேஷன் சாயம் 190 முதல் 205 டிகிரி வரையான சூட்டில் ஆவியாகிப் பாலியெஸ்டர் இழைக்குள் புகுந்து தங்குகிறது. பருத்தி இழை அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, முதல் சில துவைப்புகளிலேயே பெரும்பகுதி போய்விடும். கலப்புத் துணியில் பாலியெஸ்டர் எவ்வளவு உள்ளதோ அவ்வளவுக்கே நிறம் நிற்கும். வெள்ளை மை என்று இதில் ஒன்று இல்லை என்பதால், துணியும் வெள்ளையாகவோ மிக வெளிர்ந்ததாகவோ இருக்க வேண்டும்.

இந்த எல்லைகளுக்குள் நின்றால் இதைப்போல் நீடிக்கும் அச்சு வேறில்லை. நிறம் இழைக்குள்ளேயே இருப்பதால் உரிவதும் வெடிப்பதும் கிடையாது, காற்றோட்டமும் தடைபடாது. விளையாட்டு அணிகளின் சீருடை, ஓட்டப் பந்தய டி-சர்ட் போன்றவற்றுக்கு முதல் தேர்வு இதுவே. தைத்து முடித்த டி-சர்ட்டில் முழுப்பரப்பையும் அச்சிட முயன்றால் அக்குளிலும் தையல் ஓரங்களிலும் மடிப்பு விழுந்து வெள்ளைக் கோடுகள் தெரியும். முழுப்பரப்பு அச்சு வேண்டுமென்றால் துணியை வெட்டிய துண்டுகளாக அச்சிட்டுப் பிறகே தைக்க வேண்டும்.

வினைல் முறைக்கு இன்னும் இடம் இருக்கிறதா?

பெயரும் எண்ணும் வைக்கும் வேலைக்கு நிச்சயம் இருக்கிறது. கணினியில் வரைந்த எழுத்தைக் கட்டர் இயந்திரம் வெட்ட, வேண்டாத பகுதியைக் கையால் உரித்தெடுத்து, ஹீட் பிரஸ்ஸில் ஒட்டுகிறார்கள். முதலீடு சிறியது, நிறம் தெளிவானது, மின்னும் வகையும் வெல்வெட் போன்ற வகையும் கிடைக்கின்றன. நுண்ணிய வேலைப்பாடு நிறைந்த படமானால் உரிக்கும் வேலை மட்டுமே நேரத்தை விழுங்கிவிடும்.

தொடக்கத்திலேயே டிடிஎஃப் இயந்திரம் வாங்கலாமா, அல்லது ஃபிலிமை வெளியில் அச்சிட்டு வாங்கலாமா?

தொடங்கும்போது ஒரு நல்ல ஹீட் பிரஸ் மட்டும் வாங்குங்கள். ஃபிலிமை வெளியில் அச்சிட்டு வாங்குங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருப்பவருக்கு நான் காட்டக்கூடியது இதுதான். டிடிஎஃப் இயந்திரத்திலும் டிடிஜியில் உள்ள அதே வெள்ளை மை இருக்கிறது. சும்மா விட்டால் ஹெட் அடைபடும், அடைபட்ட ஹெட்டை மாற்றுவதே இயந்திர விலையில் பெரிய பங்கு. தூள் உருகும்போது எழும் புகையை வெளியேற்ற ஏற்பாடு வேண்டும், தூள் ஈரம் ஏறாமல் இருக்க வேண்டும், நிறம் சரியாக வர மென்பொருளில் அமைப்புகளைப் பழக வேண்டும். அச்சிடுவது, விற்பது, வடிவமைப்பது என்று எல்லாவற்றையும் ஒருவரே செய்யும் காலத்தில், இந்தப் பராமரிப்பு விற்பனைக்கான நேரத்தைத் தின்றுவிடும்.

வெளியில் வாங்கும்போது, ஒரே நீளத் தாளில் பல படங்களை நெருக்கி அடுக்கி அனுப்பும் வழக்கம் உண்டு. பெரிய முதுகுப் படத்தின் இடைவெளிகளில் கழுத்துப் பகுதிக்கான சிறு அடையாளங்களைச் சேர்த்துவிட்டால் அவை ஏறக்குறைய இலவசமாகவே கிடைக்கும். சில மாதங்களுக்கு ஃபிலிம் வாங்கிய செலவைக் குறித்து வாருங்கள். அந்தத் தொகை இயந்திரத்தின் மாதத் தவணை, மை, ஃபிலிம், தூள், பழுது, உங்கள் நேரம் ஆகிய எல்லாம் சேர்ந்த தொகையைத் தொடர்ந்து தாண்டினால் இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். ஒரே ஒரு விழாக்கால மாதத்தில் தாண்டியதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

ஹீட் பிரஸ் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

தகட்டின் எல்லா இடத்திலும் ஒரே சூடு இருக்கிறதா என்பதைப் பாருங்கள். திரையில் 160 என்று காட்டும்போது மூலையில் 140 இருந்தால், படத்தின் ஒரு ஓரம் மட்டும் துவைப்பில் எழும். சூட்டுக்கேற்ப நிறம் மாறும் வெப்ப நாடாக்களை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்து அழுத்தினால் இது தெரிந்துவிடும். அழுத்தமும் சமமாக இருக்க வேண்டும்: தகட்டின் நான்கு மூலைகளிலும் ஒவ்வொரு தாள் துண்டை வெளியே சற்று நீட்டி வைத்து, தகட்டை மூடி இழுத்துப் பாருங்கள், ஏதேனும் ஒரு துண்டு எளிதாக வந்தால் அங்கே அழுத்தம் குறைவு. 38க்கு 38 சென்டிமீட்டர் தகடு பெரும்பாலான வேலைக்குப் போதும், பெரிய முதுகுப் படங்கள் செய்வதென்றால் 40க்கு 50 வசதி. தையலோ பொத்தானோ கழுத்துப்பட்டியோ தகட்டின் மேல் வந்தால் அழுத்தம் அங்கேயே நின்றுவிடும் என்பதால், அவற்றைத் தகட்டுக்கு வெளியே தொங்க விடுங்கள். ஒட்டும் முன் டி-சர்ட்டை மட்டும் சில விநாடி அழுத்தி ஈரத்தை வெளியேற்றுவதையும் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

சிவப்பு டி-சர்ட்டில் வைத்த வெள்ளை எழுத்து சில நாளில் இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. ஏன்?

அந்தத் துணியில் பாலியெஸ்டர் இருந்திருக்கும். பாலியெஸ்டருக்கு ஏற்றப்படும் சாயம் சூட்டில் ஆவியாகக்கூடியது. அச்சைச் சூடேற்றும்போது துணியின் சாயம் கிளம்பி மேலே உள்ள மைக்குள் ஏறிவிடுகிறது. உடனே தெரியாமல் சில மணி நேரமோ சில நாளோ கழித்து வெளிப்படுவதால், டி-சர்ட் வாடிக்கையாளர் கைக்குப் போன பிறகே புகார் வரும். சிவப்பு, மெரூன், கருநீலம், அடர்பச்சை ஆகியவற்றில் இந்த ஆபத்து அதிகம். சூட்டை 130 முதல் 140 டிகிரிக்குள் வைத்துக்கொள்ளக்கூடிய ஃபிலிம், சாயத்தைத் தடுக்கும் கருமை அடிப்பூச்சு உள்ள ஃபிலிம், ஸ்கிரீன் முறையில் சாயம் ஏறுவதைக் குறைக்கும் லோ பிளீட் மை, சாம்பல் நிறத் தடுப்புப் பூச்சு ஆகியவை இதற்குரிய வழிகள். புதிய துணி ஒவ்வொன்றிலும் ஒரு மாதிரி அடித்து, சில நாள் வைத்துப் பார்த்த பிறகே மொத்த வேலையைத் தொடங்க வேண்டும்.

எத்தனை ஜிஎஸ்எம் துணி எடுப்பது?

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராம் கணக்கில். அன்றாட உடைக்கு 160 முதல் 180, தடித்த தளர்வான டி-சர்ட்டுகளுக்கு 220க்கு மேல். ஆனால் அச்சின் தரத்தை எடையைவிடத் துணியின் மேற்பரப்பே அதிகம் தீர்மானிக்கிறது. சீவிய நூலில் பின்னிய, பயோ-வாஷ் (நொதியால் கழுவுதல்) செய்த பருத்தியில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இழைகள் குறைவு. அந்த இழைகள் துவைப்பில் எழுந்து நின்றால், அச்சு போகாமலேயே மங்கியதுபோலத் தெரியும்.

வாடிக்கையாளர் அனுப்பும் படம் அச்சுக்குப் போதுமா என்று எப்படி அறிவது?

அச்சிடப்போகும் அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் இருக்க வேண்டும். 30 சென்டிமீட்டர் அகலப் படத்துக்கு ஏறத்தாழ 3,540 பிக்சல் தேவை. செய்திச் செயலி வழியே சுருங்கி வந்த 1,000 பிக்சல் படத்தை அதே அகலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 85 புள்ளிகள்தான் மிஞ்சும். மென்பொருளில் எண்ணை 300 என்று மாற்றி எழுதுவதால் விவரம் கூடிவிடாது. சின்னங்களையும் எழுத்துகளையும், எவ்வளவு பெரிதாக்கினாலும் மங்காத வெக்டர் வடிவில் கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் திரும்ப வரைந்து அதற்குரிய கட்டணத்தைச் சொல்லுங்கள். தமிழ் எழுத்துரு உள்ள கோப்பானால், எழுத்தை வடிவமாக மாற்றி அனுப்பச் சொல்வது மிக முக்கியம். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறிப்போகும், அச்சிட்ட பிறகே கண்ணில் படும்.

பிறருக்குச் சொந்தமான சின்னம், கதாபாத்திரம், திரைப்பட உருவம் ஆகியவற்றைக் கேட்டு வருபவரிடம் உரிமையாளரின் அனுமதியைக் கேளுங்கள். விற்றவர் என்ற முறையில் பொறுப்பு உங்களுக்கும் உண்டு.

அச்சு எத்தனை துவைப்பு தாங்கும் என்று உறுதி சொல்லலாமா?

நீங்களே துவைத்துப் பார்த்த எண்ணிக்கையை மட்டும் சொல்லுங்கள். விற்பனையாளர் தரும் எண் அவருடைய துணியிலும் அவருடைய சூட்டிலும் கிடைத்தது. நீங்கள் பயன்படுத்தும் துணி, ஃபிலிம், வெப்பநிலை ஆகியவற்றைக் கொண்டு மூன்று டி-சர்ட்டுகள் செய்து, ஒன்றைத் துவைக்காமல் வைத்து, மற்ற இரண்டையும் வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைத்து, ஐந்து துவைப்புக்கு ஒருமுறை அருகருகே வைத்துப் படம் எடுங்கள். துவைப்பில் நிற உறுதியை அளக்க ஐஎஸ்ஓ 105-சி06, உரசலில் அளக்க ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 என்ற தரமுறைகள் உள்ளன. பெரிய நிறுவன ஆர்டர்களில் இவற்றின்படி சோதனை கேட்கப்படலாம். சிறு தொழிலுக்கு வீட்டுச் சோதனையே நேர்மையான தொடக்கம்.

அச்சிட்டு 24 மணி நேரம் கழித்தே முதல் துவைப்பு, உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைத்தல், அச்சின் மேல் நேரடியாக இஸ்திரி வைக்காமை ஆகிய குறிப்புகளை அச்சிட்டு ஒவ்வொரு பொட்டலத்திலும் வையுங்கள்.

குழந்தைகள் உடைக்கு அச்சிடும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

உண்டு, இதில் சமரசம் கூடாது. சில பிளாஸ்டிசால் மைகளில் இளக்கியாகத் தாலேட்டுகள் என்னும் வேதிப்பொருள்கள் சேர்க்கப்பட்டன; பல நாடுகளில் குழந்தைகளுக்கான பொருள்களில் அவற்றுக்குக் கட்டுப்பாடு உள்ளது. தாலேட் இல்லாத மை என்ற சான்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துணிப் பொருள்களில் தீங்கான வேதிப்பொருள்கள் உள்ளனவா என்று சோதித்துத் தரும் ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 சான்றில், மூன்று வயது வரையான குழந்தைகளுக்கான பொருள்கள் முதல் வகுப்பில் வருகின்றன. அதன் வரம்புகளே மிகக் கடுமையானவை. துணிக்குச் சான்று இருப்பது மைக்குச் சான்று ஆகாது.

ஸ்கிரீன் வேலையை வெளி அச்சகத்துக்குக் கொடுத்தால் என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பெரிய எண்ணிக்கை ஆர்டர் எப்போதாவது மட்டும் வரும் நிலையில், அதை நல்ல ஸ்கிரீன் அச்சகத்திடம் கொடுத்துவிட்டுச் சிறு வேலைகளை உங்கள் ஹீட் பிரஸ்ஸில் செய்வது முற்றிலும் முறையான வழி. மொத்த வேலைக்கு முன் ஒரு மாதிரி, மையின் வகை, நிறத்துக்குப் பான்டோன் எண் (ஒவ்வொரு நிறத்தையும் துல்லியமாகக் குறிக்கும் பொது எண்), கெட்டுப்போகும் டி-சர்ட்டுகளுக்கு யார் பொறுப்பு ஆகியவற்றை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். நூற்றுக்கு இரண்டு மூன்று கெடுவது இயல்பு என்று அச்சகம் சொன்னால், அந்த அளவுக்குக் கூடுதலாகத் துணி கொடுத்துவிடுங்கள். இல்லையெனில் ஒரே ஒரு பெரிய அளவு டி-சர்ட் குறைந்து, அதற்காக நான்கு ஸ்கிரீனையும் மறுபடி ஏற்ற வேண்டிவரும். ஸ்கிரீன் தயாரிக்கப் படத்தைக் கருப்பாக அச்சிட்ட ஃபிலிம் பாசிட்டிவ்கள் யாருக்குச் சொந்தம், ஸ்கிரீனை எத்தனை நாள் கழுவாமல் வைத்திருப்பார்கள் என்பதையும் கேளுங்கள். அந்த நாள்களுக்குள் வாடிக்கையாளரிடம் மறு ஆர்டர் வாங்க முடிந்தால், தயாரிப்புச் செலவு இல்லாத விலையை அவருக்குச் சொல்லலாம்.